முனியாண்டி எடுத்துக் கொடுத்த பூ

கட்டுகஸ்தோட்டை,
வெகுதானிய வருஷம், கார்த்திகை 3.

கூடப் பிறந்த தம்பி சின்னமுத்துவுக்கு அக்கா மூக்காயி எழுதிக்கொள்வது.

நான் சுகம்னு எழுதினா பொய். நீ சுகமான்னு கேட்டா அதைவிடப் பொய். ரெண்டையும் விட்டுட்டு விஷயத்துக்கு வர்றேன்.

நீ அடைபட்டிருக்கிற மறியலுக்கு ரொட்டி போடுற பாரூக் நானா இந்தக் காயிதத்தைக் கூடைக்கு அடியில வச்சுக் கொண்டாருவாரு. பென்சிலும் தாளும் அதிலயே இருக்கு. பதிலை எழுதி வெறுங்கூடை திரும்புறப்போ போட்டுடு. நான் எழுதினதைப் படிச்சு முடிச்சதும் வாயில போட்டு மென்னு முழுங்கு. ருசியா இருக்காது, என்ன செய்யிறது.

முந்தாநாள் கோர்ட்டில தீர்ப்புச் சொன்ன துரை தலையில கறுப்புத் துணியை வச்சது எதுக்குன்னு எனக்கு விளங்கல. துபாசி எழுந்து நின்னு, உயிர் போற வரைக்கும் கயித்தில தொங்கவிடணும்னு தமிழில சொன்னான் பாரு, பாவி, விடிய ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில வேலை பிரிச்சு விடுற மாதிரி அவ்வளவு சாதாரணமாச் சொன்னான். நான் கத்தினது உனக்குக் கேட்டிருக்கும். என்னை வெளியில இழுத்துப் போட்டாங்க. முழங்கை தோல் போயிடுச்சு. உன் மச்சான் கறுப்பையா என்னைத் தூக்கி மாட்டுவண்டியில போட்டுக் கொண்டுவந்தாரு. வர்ற வழியெல்லாம் அவருக்கும் திட்டு, மாட்டுக்கும் திட்டு.

இப்ப கவனமாப் படி. உனக்காக வழக்குப் பேசின பிறக்கிராசி சுந்தரலிங்கம் ஐயா நேத்து கூப்பிட்டு விட்டாரு. யாழ்ப்பாணத்து மனுஷன், பேச்சு கொஞ்சம் விறைப்பா இருக்கும், மனசு நல்ல மனசு. அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன்: "ஓம், கதை இன்னும் முடியேல்லை. கவர்னருக்கு ஒரு பெட்டிசம் எழுதுவன். ஆனால் அவன் தன்ர சுயபுத்தியில செய்யேல்லை எண்டு நிக்க வேணும். சாமி வந்து செய்ய வைச்சது எண்டு வெள்ளைக்கார டொக்டருக்கு முன்னால சொல்ல வேணும். அப்பிடிச் சொன்னால் தூக்கு இல்லை, பைத்தியக்காரரை வைக்கிற இடத்துக்கு அனுப்புவினம். உயிர் தப்பும்."

டாக்டர் கார்த்திகை 20ஆம் தேதி வர்றாராம். அதுக்குள்ள நான் ஒரு சத்தியக் கடுதாசி கொடுக்கணும். நான் சொல்லச் சொல்ல ஐயா எழுதிக்கிட்டாரு. ஆடி மாசம், ஹந்தானைத் தோட்டத்தில, என் தம்பி பெண்சாதி அழகம்மா எட்டு மாசச் சூலியா காய்ச்சலோட, தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்தில படுத்துக் கிடந்தா. காலையில பெரட்டுக்கு வரல. வீரய்யா கங்காணி லயத்துக்குள்ள போயி அவ கொண்டையைப் பிடிச்சு பெரட்டுக் களம் வரைக்கும் இழுத்து வந்தான். வயித்தில மிதிச்சான். மூணாம் நாள் பிள்ளையும் போச்சு, அவளும் போயிட்டா. தம்பி பத்து நாள் பச்சைத் தண்ணி குடிக்கல. பதினோராம் நாள் முனியாண்டி கல்லுக்கு முன்னால பூக்கட்டிக் கேட்டான். சிவப்பு வந்தா கங்காணியை வெட்டு, வெள்ளை வந்தா விடு. கேட்கிறவன் பூவைக் கட்டக் கூடாது, வீட்டுப் பொம்பளைதான் கட்டணும்னு வழக்கம் இருக்கிறதால பொட்டலம் ரெண்டையும் நான் கட்டிக் கொடுத்தேன். சிவப்பு வந்துச்சு. சாமி வாக்குக்குக் கட்டுப்பட்டுச் செஞ்சான்.

இவ்வளவும் எழுதியாச்சு. கைநாட்டு வேண்டாம், எனக்கு எழுதத் தெரியும்னு சொல்லி நானே பேர் எழுதினேன். ஐயா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தாரு.

ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நான் பொட்டலத்தைக் கொடுத்துட்டு சாயங்காலமே இங்க வந்துட்டேன். நீ பிரிக்கிறப்போ நான் பக்கத்தில இல்ல. சிவப்புத்தானே வந்துச்சு? உன் கையால எழுது. எனக்கு மனசு ஆறும்.

சோறு கொடுக்கிறானுங்களா? அளவாவது கொடுக்கிறானுங்களா?

இப்படிக்கு,
உன் அக்கா மூக்காயி.


கண்டி மறியல்,
கார்த்திகை 7.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சின்னமுத்து வணங்கி எழுதுவது.

காயிதம் வந்துச்சு. மென்னு முழுங்கினேன். நீ சமைச்ச பருப்பைவிட மோசமில்ல.

சோறு கொடுக்கிறாங்க. தனி அறை. ஜன்னல் எட்டாத உயரத்தில இருக்கு. போன செவ்வாக்கிழமை பக்கத்து அறை ஆளைக் கொண்டு போனாங்க. கம்பளையில அண்ணனைக் குத்தினவன், சிங்களவன், பேர் கேட்டு வச்சுக்கல. கதவைத் திறந்ததும் நடக்க மாட்டேன்னு தரையில உட்கார்ந்துட்டான். நாலு பேர் சேர்ந்து தூக்கினாங்க. போற வழி முழுக்கச் சுவரை உதைச்சுக்கிட்டே போனான். அப்புறம் பலகை விழுற சத்தம். மத்தியானம் எனக்குச் சோறு வந்தப்போ நான் சாப்பிட்டேன் அக்கா. அதுதான் எனக்கே அதிசயமா இருந்துச்சு.

பிறக்கிராசி ஐயா சொன்னபடியே சொல்லுறேன். அது பொய்யுமில்ல. சிவப்புத்தான் வந்துச்சு. முனியாண்டி எடுத்துக் கொடுத்தாரு, நான் வாங்கிக்கிட்டேன். மறுநாள் பின்னேரம் காப்பி ஸ்டோருக்கு நான் நடந்து போகல, என்னைக் கொண்டு போனாங்க. வீரய்யா கங்காணி பழம் உரிக்கிற மெசினுக்குப் பக்கத்தில சாக்கைப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னான். கையில கவ்வாத்துக் கத்தி இருந்துச்சு, எப்ப எடுத்தேன்னு தெரியாது. முதல் வெட்டு தோளில விழுந்துச்சு. அவன் திரும்பி "டேய் கணக்கப்பிள்ளை"ன்னான். ரெண்டாவது கழுத்தில. மெசினு சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு, பழத்தோலோட ரத்தமும் வாய்க்கால்ல ஓடுச்சு. என் கை என் கையாவே இல்ல.

இங்க வேற வேலை இல்லாததால உட்கார்ந்து யோசிக்கிறேன். நம்மகிட்ட நம்ம விருப்பம்னு எது இருந்துச்சு சொல்லு. அப்பாவை எவனோ ஒரு கங்காணி ஊரில வந்து கூப்பிட்டான், மன்னாரில இறங்கி காட்டு வழியா நடந்தோம். அம்மா வழியிலயே வாந்திபேதியில போனா. அப்பா கணக்கப்பிள்ளையா இருந்து நமக்கு காப்பிக் களத்தில விரலால எழுதப் பழக்கினாரு, அதனால நானும் கணக்கப்பிள்ளை. அதனால தினம் விடிய பெரட்டில பேர் வாசிக்கிற வேலை எனக்கு. அன்னைக்கும் நான்தான் வாசிச்சேன். அழகம்மான்னு வாசிச்சேன், பதில் இல்ல. வரலைன்னு குறிச்சேன். கங்காணி லயத்துப் பக்கம் திரும்பினான். அது என் குத்தமா? கணக்கப்பிள்ளைன்னா வாசிக்கணும். தொரை பக்கத்தில குதிரையில உட்கார்ந்திருந்தாரு. வேலை வாசிக்க வச்சது, சாமி வெட்ட வச்சது. நான் நடுவில நின்ன ஒரு கருவி, அவ்வளவுதான். இப்படி நினைச்சா தூக்கம் வருது.

டாக்டர் வரட்டும். எல்லாத்தையும் சொல்லுறேன். பைத்தியக்காரன்னா பைத்தியக்காரன்தான், உசிரோட இருந்தா நீ வந்து பார்க்கலாமில்ல.

மச்சானை விசாரிச்சதாச் சொல்லு.

உன் தம்பி,
சின்னமுத்து.


கட்டுகஸ்தோட்டை,
கார்த்திகை 12.

தம்பிக்கு அக்கா எழுதுவது.

எழுத்து கோணலா இருக்கும், பார்த்துப் படி.

நேத்து பின்னேரம் வீரய்யாவோட தம்பிமார் ரெண்டு பேரும் வந்தானுங்க. கையில உலக்கை மாதிரிக் கட்டை. உன் மச்சான் அப்பத்தான் பாலத்துப் பக்கமிருந்து வண்டியை ஓட்டிட்டு வந்து மாட்டை அவிழ்த்துக்கிட்டு இருந்தாரு. ஒருத்தன் செவலை மாட்டோட பின்கால் நரம்பை வெட்டிட்டான். வாயில்லாச் சீவன், உட்கார்ந்த இடத்தில இருந்து எழுந்திருக்க முடியாம அலறுச்சு. இன்னொருத்தன் உன் மச்சானை அடிச்சுக் கீழ தள்ளி கையை மிதிச்சான். எலும்பு ஒடிஞ்ச சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. "உன் மச்சினன் பைத்தியம்னு எழுதப் போறீங்களாமே, அவன் தொங்கணும், இல்லாட்டி நீங்க தொங்குவீங்க"ன்னு கத்தினான்.

அடுப்பில கஞ்சி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. பானையைத் துணியோட தூக்கிட்டு வெளியில வந்தேன். கையை மிதிச்சவன் மூஞ்சியில அப்படியே ஊத்தினேன். தோல் துணி உரியிற மாதிரி வந்துச்சு தம்பி. அவன் போட்ட சத்தத்தில மத்தவன் அவனை இழுத்துக்கிட்டு ஓடிட்டான். பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா ஓடி வந்து, என் கையைப் பார்த்துட்டு, "யா அல்லாஹ், ஒன்ட கையும் வெந்து போச்சே புள்ள"ன்னு எண்ணெய் தடவினா. அப்பத்தான் என் கையும் வெந்திருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது. மாட்டை விடிஞ்சதும் அறுக்கக் கொடுத்துட்டோம். உன் மச்சான் அதுக்குத்தான் அழுதாரு, ஒடிஞ்ச கைக்கு அழல.

இதை எதுக்கு இவ்வளவு விவரமா எழுதுறேன்னா, நான் அந்தப் பானையோட வெளியில வந்தப்போ ஒரு கணம் நின்னேன். காலில ஊத்துவமா, மூஞ்சியில ஊத்துவமான்னு யோசிச்சேன். காலில ஊத்தினாலும் ஓடியிருப்பான். மூஞ்சின்னு நானே முடிவு பண்ணினேன். எந்தச் சாமியும் வரல, எவனும் கையைப் பிடிச்சு ஊத்தல. நீ கருவி கருவின்னு எழுதினதைப் படிச்சுட்டு அன்னைக்குத்தான் முழுங்கியிருந்தேன். வயித்துக்குள்ள இருந்து அது என்னைக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

அதனால இத்தனை நாள் சொல்லாததைச் சொல்லுறேன். கோவிச்சுக்காதே.

நீ பூக்கேட்கப் போறேன்னு சொன்னப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். அழகம்மாவைப் பறிகொடுத்தாச்சு, உன்னையும் கொடுக்கணுமா? செம்பருத்தி ஒண்ணும் நந்தியாவட்டை ஒண்ணும் பறிச்சேன். லயத்துக் கதவைச் சாத்திக்கிட்டு செம்பருத்தியைக் கசக்கி அடுப்பில போட்டேன். இன்னொரு நந்தியாவட்டை பறிச்சு, ரெண்டு வாழையிலைத் துண்டிலயும் வெள்ளையையே வச்சுக் கட்டினேன். எதை எடுத்தாலும் நீ கங்காணியை விட்டுடணும்னு. முனியாண்டிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன். சாமி காரியத்தில கள்ளம் பண்ணினவ நான்.

மறுநாள் நீ வெட்டிட்டேன்னு சேதி வந்தப்போ எனக்கு ஒண்ணும் புரியல. கோர்ட்டில நீ சிவப்பு வந்துச்சுன்னு சொன்னப்போ உச்சி மயிரு சிலிர்த்துப் போச்சு. நான் வச்சது வெள்ளை. உன் கைக்கு வந்தது சிவப்பு. அப்படின்னா முனியாண்டியேதான் மாத்தியிருக்காரு. நான் மறைச்சு வச்சாலும் அவர் நினைச்சதை நடத்திட்டாரு. அப்ப நீ நிஜமாவே கருவிதான், உன் மேல ஒரு குத்தமும் இல்ல. நான் போட்ட கையெழுத்தும் பொய்யில்ல, சாமி அறிஞ்ச சத்தியம்.

அதைத்தான் கேட்கிறேன் தம்பி. மாத்தினாரா? சிவப்பை உன் கண்ணால பார்த்தியா? ஆமான்னு ஒரே சொல் எழுது. அதுக்கப்புறம் கவர்னர் முன்னாலயும் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கும்,
அக்கா.


கண்டி மறியல்,
கார்த்திகை 16.

அக்கா,

நாலு நாளா பதில் எழுதாம பென்சிலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான் கைக்குக் கட்டுப் போட்டாச்சா? செவலைக்குக் கன்னுக்குட்டியா இருந்தப்பவே பேர் வச்சுக் கூப்பிட்டவன் நான்தான். எல்லாம் என்னால.

நீ கேட்டதுக்கு ஆமான்னு எழுத முடியல. மாத்தல, அக்கா.

அன்னைக்கு கல்லுக்கு முன்னால ரெண்டு பொட்டலத்தையும் வச்சேன். கண்ணை மூடி ஒண்ணை எடுத்தேன். நூலைப் பிரிச்சேன். வெள்ளை. வெட்டாதேன்னு சாமி சொல்லிட்டாரு. எனக்கு அழுகையா வந்துச்சு, சந்தோசமா துக்கமான்னு தெரியல. அப்படியே எழுந்து லயத்துக்குப் போயிருக்கலாம். போகல. சிவப்பு இன்னொண்ணுக்குள்ள இருக்கும், அதை ஒரு தரம் பார்த்துட்டாவது போவமேன்னு ஆசையா இருந்துச்சு. பிரிச்சேன். அதிலயும் வெள்ளை.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. உன் வேலைன்னு உடனே தெரிஞ்சு போச்சு. நீ நூல் கட்டினா எப்பவும் ரெண்டு முடிச்சுப் போடுவே, வேற எவனும் அவிழ்த்துக் கட்டியிருக்கல. கல்லைப் பார்த்தேன். அது கல்லாத்தான் இருந்துச்சு. முனியாண்டியும் ஒண்ணும் சொல்லல, நீயும் அங்க இல்ல. நான் மட்டும்தான் நின்னேன். பொறந்ததில இருந்து யாராவது ஒருத்தர் எனக்கு முன்னால நின்னு வழி காட்டிக்கிட்டே இருந்தாங்க. அன்னைக்கு ஒருத்தரும் இல்ல. பயமா இருந்துச்சு அக்கா. அம்மா செத்த அன்னைக்குக் கூட நான் அப்படிப் பயப்படல.

நீ வெள்ளை வச்சதால நான் வெட்டினேன்னு தயவு செஞ்சு நினைச்சுடாதே. நீ என்னைத் தடுத்தே. தடுத்தது நல்லாவே விளங்குச்சு. விளங்கின பிறகுதான் செஞ்சேன்.

நான் நடந்துதான் போனேன். என்னை யாரும் கொண்டு போகல. கத்தியைத் தீட்டிட்டுத்தான் எடுத்தேன். ஸ்டோருக்குப் போற வழியில ஓடை கிட்ட நின்னு தண்ணி குடிச்சேன். அங்க ராக்கம்மா பழக்கூடையை இறக்கி வச்சுட்டு, "கணக்கப்பிள்ளை, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, வீட்டுக்குப் போங்க"ன்னா. போயிருக்கலாம். அவ சொன்னதுக்குத் தலையாட்டிட்டு மேலதான் ஏறினேன்.

கோர்ட்டில ஏழு வெட்டுன்னாங்க. ஒன்பது. ரெண்டு சாக்கில விழுந்துச்சு. எனக்கு எப்படித் தெரியும்னா நான் எண்ணிக்கிட்டே வெட்டினேன். கணக்கப்பிள்ளை புத்தி. நாலாவதுக்கு மேல அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையைப் பார்த்தேன், விரலில மோதிரம் இருந்ததைப் பார்த்தேன், பார்த்துட்டு அஞ்சாவதை வெட்டினேன். சாமி வந்தவன் எண்ணுவானா? மோதிரத்தைப் பார்ப்பானா?

இதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. அதை எழுதத்தான் நாலு நாள் ஆச்சு.

பெரட்டில பேரை விட்டு வாசிக்க முடியும். எல்லாக் கணக்கப்பிள்ளையும் செய்யிறதுதான். போன தையில ராக்கம்மா மகளுக்கு அம்மை போட்டிருந்தப்போ, அந்தப் பிள்ளை பேரை வாசிக்காமத் தாண்டிப் போனேன். யாரும் கவனிக்கல. அன்னைக்கு ஏட்டில அழகம்மா பேர் வந்தப்போ விரலை அந்த வரியில வச்சு நின்னேன். தாண்டிடலாம்னு தோணுச்சு. என் சொந்தப் பெண்சாதி பேரை மறைச்சேன்னு கங்காணி தொரைகிட்டச் சொன்னா வேலை போயிடுமேன்னும் தோணுச்சு. ரெண்டையும் நிறுத்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு இழுக்கிற நேரம். அப்புறம் சத்தமா வாசிச்சேன். லயத்துக்குள்ள அவளுக்கே கேட்டிருக்கும்.

அவ சாகிறதுக்கு முன்னால, "நீங்கதானே வாசிச்சீங்க"ன்னு கேட்டா. திட்டல. கேட்டா, அவ்வளவுதான்.

வெட்டினதுக்குச் சாமியைச் சொன்னா, வாசிச்சதுக்கு வேலையைச் சொல்லலாம். ரெண்டும் ஒரே கயித்தில கட்டினது. ஒண்ணை அவிழ்த்தா மத்ததும் அவிழ்ந்துடும். அதனாலதான் இத்தனை நாள் சிவப்பு சிவப்புன்னு பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தேன். நீ வெள்ளைன்னு எழுதினதும் கை விட்டுப் போச்சு.

20ஆம் தேதி டாக்டர் வர்றாரு. என்ன சொல்லுவேன்னு எனக்கு இன்னும் தெரியல.

சின்னமுத்து.


கட்டுகஸ்தோட்டை,
கார்த்திகை 18.

டேய் தம்பி,

உன் காயிதத்தைப் படிச்சுட்டு ஒரு நாள் முழுக்கப் பித்துப் பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருந்தேன். இப்ப தெளிஞ்சுட்டேன். கேளு.

நீ எழுதினது அத்தனையும் நிஜமாவே இருக்கட்டும். எனக்கு அந்த நிஜம் வேண்டாம். உன் உசிர்தான் வேணும். டாக்டர் முன்னால சிவப்புன்னு சொல்லித் தொலை. ஒரே சொல்லு! உருண்டு புரண்டு ஆடச் சொல்லல, நாக்கைக் கடிக்கச் சொல்லல. சிவப்புன்னா போதும். கள்ளச் சத்தியத்துக்கு நரகம்னா நான் போறேன், கஞ்சி ஊத்தின கையோட எனக்கு அங்க ஏற்கெனவே இடம் இருக்கு.

அழகம்மா உன்னைத் திட்டலையே. அதைப் பிடிச்சுக்கோயேன். அவளே விட்டுட்டா, உனக்கென்ன?

நான் மூத்தவ. அம்மா கண்ணை மூடினப்போ நாலு வயசுப் பிள்ளையா இருந்த உன்னை இடுப்பில தூக்கிக்கிட்டு தம்புள்ளைக் காட்டை நடந்து கடந்தவ. இறக்கி வச்சுட்டு வந்திருக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் வந்தாங்க. எனக்கு வயசு ஒன்பது. இப்ப நான் உனக்கு உத்தரவு போடுறேன். உன் விருப்பம், உன் முடிவு, அதெல்லாம் தூக்கிக் குப்பையில போடு. இது என் முடிவு. பழி என்னோடது. நீ கருவியாவே இருந்துட்டுப் போ, என் கருவியா இரு.

ரொட்டிக்கு நடுவில ரெண்டு பொட்டலம் வச்சிருக்கேன். இந்தத் தரம் கள்ளமில்ல, சொல்லியே செய்யிறேன், ரெண்டிலயும் செம்பருத்தி. எதைப் பிரிச்சாலும் சிவப்புத்தான் வரும். பிரிச்சுப் பார்த்துட்டு டாக்டர்கிட்ட, சிவப்பு வந்துச்சுன்னு சொல்லு. அப்ப அது பொய்யும் இல்ல.

பிறக்கிராசி ஐயா பெட்டிசத்தை எழுதி முடிச்சுட்டாரு. ரமீலான்னு ஆஸியா உம்மா மக இருக்கால்ல, அவ உனக்காக நோன்பு பிடிக்கிறாளாம். ஊரே உனக்காக நிக்குது. நீ மட்டும் எதிர்ப்பக்கம் நிக்காதே.

அடிக்கிறதுன்னா அடிப்பேன், காலில விழுன்னா விழுவேன். உசிரோட இரு.

அக்கா.


கண்டி மறியல்,
கார்த்திகை 27.

என் அக்காவுக்கு,

பிறக்கிராசி ஐயா உனக்குச் சொல்லியிருப்பாரு. அவர் வாயால நீ கேட்டதை நான் என் கையால எழுதணும், அதுதான் மரியாதை.

20ஆம் தேதி டாக்டர் வந்தாரு. வயசாளி, இருமல். துபாசியும் வந்தான், அதே ஆள். ரெண்டு பொட்டலமும் என் மடியில இருந்துச்சு. பிரிக்கல. டாக்டர் நாடி பார்த்தாரு, கண்ணை இழுத்துப் பார்த்தாரு. அப்புறம் துபாசி கேட்டான், "அந்த நேரம் உன் மேல சாமி இருந்ததா?" ஐயா அவனுக்குப் பின்னால நின்னு தலையை மெல்ல ஆட்டினாரு, ஆமான்னு சொல்லு, சொல்லுன்னு.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ திட்டினதெல்லாம் காதில கேட்டுச்சு. உசிரோட இருக்க எனக்கும் ஆசைதான், அக்கா. இல்லைன்னு நினைக்காதே. ராத்திரி தூங்குறப்போ கழுத்தைக் கையால பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். ஆனா சாமின்னு சொன்னா, பெரட்டில நின்னதும் நான் இல்லைன்னு ஆயிடும். "நீங்கதானே வாசிச்சீங்க"ன்னு அவ கேட்டதுக்கு நான் அன்னைக்குப் பதில் சொல்லல. அவ அதைக் கேட்டுட்டு மூச்சை விட்டா. அந்தக் கேள்வி இன்னும் நிக்குது.

"சாமி இல்ல. நான்தான்"னு சொன்னேன்.

துபாசி மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னேன். டாக்டர் எழுதி முடிச்சுட்டுத் தாளை மடிச்சுப் பையில வச்சாரு. சுந்தரலிங்கம் ஐயா வெளியில போயி சுவரைப் பார்த்து நின்னாரு. "மடையா, மடையா"ன்னு அவர் சொன்னது கேட்டுச்சு. அவர் மேல உனக்குக் கோவம் வேண்டாம். அவர் செய்ய வேண்டியதைச் செஞ்சாரு.

பெட்டிசம் எடுபடல. நாளைக்கு விடியத் தூக்கு.

நீ என்னை இறக்கி வச்சுட்டு வந்திருக்கலாம், ஆனா வரல. ஒன்பது வயசில உன்னை யாரும் தூக்கச் சொல்லல, நீயே தூக்கினே. அது விதின்னு நான் சொன்னா உனக்குக் கோவம் வரும்தானே? இதையும் அப்படி நினைச்சுக்கோ. வீரய்யாவுக்கும் பிள்ளைங்க இருக்கு. அவன் கும்பிட்டப்போ நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்த முடியும், நிறுத்தல. அதுக்காக என்னைக் கொண்டு போறாங்க, கணக்குச் சரிதான். அவன் தம்பிமார் மறுபடி வந்தா கஞ்சிப் பானையைத் தொடாதே. மச்சானோட பாலத்துக்கு அந்தப் பக்கம் குடி போயிடு.

பூ ரெண்டும் பிரிக்காமத் திருப்பி அனுப்புறேன். ரெண்டு முடிச்சும் அப்படியே இருக்கு. வாடியிருக்கும், வாய்க்கால்ல விட்டுடு.

இங்கயும் பெரட்டு மாதிரித்தான், அக்கா. கதவுக்கு முன்னால நின்னு ஏட்டைப் பார்த்துப் பேர் வாசிப்பாங்களாம். பக்கத்து அறைக்காரனுக்கும் வாசிச்சாங்க, அவன் தரையில உட்கார்ந்துட்டான். அழகம்மா பேரை நான் வாசிச்சப்போ அவளால பதில் சொல்ல முடியல. நாளைக்கு என் பேரை வாசிச்சா என்னை யாரும் தூக்க வேண்டியதில்ல. வந்திருக்கேன்னு சொல்லிட்டு நானே நடந்து போவேன்.

சின்னமுத்து.